சிட் ஃபீல்டா, மெக்கீயா, லூமெட்டா: திரைக்கதை எழுத எதை வாங்குவது?

திரைக்கதை எழுதப் போகிறேன், எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: எழுதி முடித்ததும் அதை யாரிடம் கொண்டுபோகப் போகிறீர்கள்? இந்தப் புத்தகங்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆளை எதிரே உட்காரவைத்து எழுதியவை. அந்த ஆள் யாரென்று பிடிபட்டுவிட்டால், நமக்கு எது உதவும், எது உதவாது என்பது பாதி விளங்கிவிடும்.

சிட் ஃபீல்டின் 'ஸ்கிரீன்ப்ளே' 1979-இல் வந்தது. அதற்கு முன்பு அவர் பார்த்த வேலை, தயாரிப்பு நிறுவனத்துக்கு வந்து குவியும் ஸ்கிரிப்ட்களைப் படித்துத் தேறுமா தேறாதா என்று சொல்வது. 2000-க்கு மேல் படித்தாராம், அதில் மேலே அனுப்பத் தகுந்தவை 40 என்கிறார். புத்தகத்தில் இருக்கும் கணக்கெல்லாம் இங்கேதான் பிறக்கிறது. ஒரு பக்கம் ஒரு நிமிடம். மொத்தம் 120 பக்கம். அதை 30, 60, 30 என்று மூன்றாகப் பிரி. 25-ஆம் பக்கத்தை ஒட்டி ஒரு திருப்பம், 85-ஐத் தாண்டி இன்னொன்று. முதல் பத்துப் பக்கத்தில் படிப்பவனைப் பிடித்துவிடு. படித்துப் படித்துச் சலித்த ஒருவரின் மேசையைத் தாண்ட வேண்டும் என்றால் இது நல்ல யோசனைதான்.

ஆனால் கோடம்பாக்கத்தில் கதையைப் படிப்பதைவிடக் கேட்பதே வழக்கம். 'கதை சொல்லப் போறேன்' என்றுதானே உதவி இயக்குநர்கள் கிளம்புகிறார்கள்? ஒன் லைன் (கதைச் சுருக்கம்) சொல்லி, அது பிடித்தால் டிஸ்கஷன், அப்புறம் சீன் ஆர்டர் (காட்சிகளின் வரிசை), கடைசியில்தான் பவுண்ட் ஸ்கிரிப்ட் (முழுதாக எழுதிக் கட்டிய பிரதி). ஃபீல்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் ஒரு கதை எழுதினேன். 27-ஆம் பக்கத்தில் சரியாகத் திருப்பம் வைத்தேன். உதவி இயக்குநராக இருந்த நண்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'எல்லாம் சரி, இன்டர்வெல் எங்கடா?' என்றான். என்னிடம் இன்டர்வெல் இல்லை, ஃபீல்டிடமும் இல்லை. கதையின் நடுவில் 'மிட் பாயிண்ட்' என்ற ஒன்றை அவர் பிறகு எழுதிய புத்தகத்தில்தான் சேர்த்தார். நமக்கோ முதல் பாதி முழுவதும் இன்டர்வெல் முடிச்சை நோக்கியே நடக்க வேண்டியிருக்கிறது.

அவரிடம் நான் இன்றும் விடாமல் வைத்திருப்பது அட்டை முறை. 30 பக்கத்துக்கு 14 அட்டை, ஆக மொத்தம் 56. ஒரு காட்சிக்கு ஓர் அட்டை, தரையில் பரப்பி இடம் மாற்றிப் பார்க்கலாம். நம் சீன் ஆர்டர் வேலைக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. ஆங்கிலத்தில் படிக்கச் சிரமம் என்றால் சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' போதும், ஃபீல்டின் சட்டகம் அதில் எளிய தமிழில் இருக்கிறது.

திரைக்கதை வகுப்பு ஆசிரியர் ராபர்ட் மெக்கீயின் 'ஸ்டோரி' (1997) நானூறு பக்கத்துக்கும் மேல். மனிதர் பிரசங்கி. 2002-இல் வந்த 'அடாப்டேஷன்' படத்தில் அவரையே ஒரு பாத்திரமாக்கி, பிரயன் காக்ஸை நடிக்க வைத்து, கேலியும் செய்து, கடைசியில் அவர் பேச்சையே கேட்டுக்கொள்கிறார்கள். படிக்கும்போது நமக்கும் அதே நிலைதான். எரிச்சலோடு பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போய், ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடுவோம். எனக்கு அந்த இடம் 'காசாபிளாங்கா'வின் சந்தைக் காட்சி. நாயகன் ரிக்கும் அவனுடைய பழைய காதலி இல்சாவும் துணிக்கடை முன்னால் பேசுவதை வரி வரியாகப் பிரித்து, யார் கை எங்கே ஓங்கி எங்கே தாழ்கிறது என்று காட்டுகிறார். காட்சி தொடங்கும்போது இருந்த நிலை முடியும்போது மாறியிருக்கிறதா? இல்லையென்றால் காட்சியைத் தூக்கு. இதுதான் அவருடைய சோதனை.

இந்தச் சோதனையை நம் ஹீரோ அறிமுகக் காட்சிக்கு வைத்தால் ஒன்றுகூடத் தேறாது. பறந்து வந்து பத்துப் பேரை அடிக்கிறார், ஒரு பஞ்ச் பேசுகிறார், கதை இருந்த இடத்திலேயே இருக்கிறது. தியேட்டரில் விசில் பறக்கிறது. விசிலுக்கு மெக்கீயிடம் பதில் இல்லை. அதோடு, முதல் வரைவை முடிக்காதவர்கள் இவர் பக்கமே போகாதீர்கள், எழுதுகிற கை நின்றுவிடும்.

பிளேக் ஸ்னைடரின் 'சேவ் த கேட்' (2005) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபீல்ட் பாடப்புத்தகம் என்றால் இது கோனார் உரை. 110 பக்கம், 15 கட்டங்கள், 12-ஆம் பக்கத்தில் கதையைக் கிளப்பிவிடும் சம்பவம். ஒரே மாலையில் படித்துவிடலாம்.

என் காசு அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட்டின் 'மேக்கிங் மூவீஸ்' (1995) புத்தகத்துக்குத்தான். இது திரைக்கதைப் புத்தகமே அல்ல. ஸ்கிரிப்ட் கையில் வந்ததிலிருந்து படம் தியேட்டருக்குப் போகும்வரை ஓர் இயக்குநர் என்னென்ன செய்கிறார் என்பதுதான் உள்ளே. ஆனாலும் எழுதுகிறவனுக்கு மற்றவற்றைவிட இதில்தான் தீனி அதிகம். '12 ஆங்ரி மென்' (1957) ஏறக்குறைய முழுக்க ஓர் அறைக்குள் நடக்கிற படம். முதல் மூன்றில் ஒரு பங்கைக் கண்மட்டத்துக்கு மேலிருந்தும், அடுத்ததைக் கண்மட்டத்திலும், கடைசியைக் கீழிருந்தும் எடுத்ததாக எழுதுகிறார். கடைசியில் கூரையே தெரிய ஆரம்பிக்கிறது. லென்ஸின் குவியத் தூரத்தையும் போகப் போகக் கூட்டிக்கொண்டே போனதால் சுவர்கள் நெருங்கி வருவதுபோல் இருக்கும். எல்லாம் முடிந்து வெளியே வரும் கடைசி ஷாட்டில் அகலமாகக் காட்டும் வைட் லென்ஸைப் போட்டு நம்மை மூச்சுவிட வைக்கிறார். இதைப் படித்த பிறகு 'இங்க ரொம்பப் புழுக்கமா இருக்கு' என்று ஒரு பாத்திரத்தைப் பேசவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, ரப்பர் வாத்து. ஒரு பாத்திரத்தின் சின்ன வயதில் யாரோ அவனுடைய ரப்பர் வாத்தைப் பிடுங்கிவிட்டார்கள், அதனால்தான் இன்று கொலைகாரன் ஆகிவிட்டான் என்று காரணம் சொல்லும் எழுத்தை லூமெட்டும் திரைக்கதையாசிரியர் பேடி சயெஃப்ஸ்கியும் கிண்டலடிப்பார்களாம். நம் வில்லன்களின் கறுப்பு வெள்ளை ஃபிளாஷ்பேக்குகளை நினைத்துக்கொண்டேன். பாத்திரம் இப்போது செய்கிற காரியத்திலேயே அவன் யாரென்று தெரிய வேண்டும் என்பது லூமெட்டின் கட்சி. மெக்கீ ஓர் அத்தியாயம் எடுத்துக்கொள்ளும் விஷயத்தை இவர் ஒரு வாத்தை வைத்து முடித்துவிடுகிறார்.

குறை இல்லாமல் இல்லை. வெற்றுத் தாளோடு உட்கார்ந்திருப்பவனுக்கு, முதல் காட்சி எது என்று லூமெட் சொல்லித் தரமாட்டார். அதற்கு ஃபீல்டின் அட்டைகள்தான். நம் படத்துக்கு வேண்டிய ஐந்து பாட்டை எந்த அட்டைக்குப் பக்கத்தில் வைப்பது என்றால், இவர்கள் எல்லாரையும் மூடிவைத்துவிட்டு அந்த நண்பனைத்தான் மறுபடி கூப்பிட வேண்டியிருக்கும்.