செர்மோரலினா, சிஜேசி-இபமோரலின் ஜோடியா?

2023 தொடக்கத்தில் டாலஸ் பக்கம், ஆயுளைக் கூட்டுவதாகச் சொல்லும் ஒரு 'லாஞ்செவிட்டி' கிளினிக்கில், வளர்ச்சி ஹார்மோனைத் தூண்ட எனக்கு முதலில் எழுதிக்கொடுத்தது சிஜேசி-1295, இபமோரலின் இரண்டும் கலந்த ஊசி. அந்த வருஷம் செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்டிஏ இரண்டையும் பாதுகாப்புச் சந்தேகம் உள்ள மூலப்பொருட்களின் பட்டியலில் போட்டது. கிளினிக்கிலிருந்து வந்ததோ 'ஸ்டாக் இல்லை' என்ற ஒற்றை வரிச் செய்தி. காரணத்தை நானே தேடிப் படித்துக்கொண்டேன். அப்புறம் மாற்றித் தந்ததுதான் செர்மோரலின்.

இவை எதுவும் வளர்ச்சி ஹார்மோன் இல்லை. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி நம் உடம்பையே அதைச் சுரக்க வைப்பவை. போடும் முறையும் ஒன்றுதான். குப்பியில் வெள்ளைப் பொடி இருக்கும். கூடவே தரும் தண்ணீரைக் கண்ணாடிச் சுவரோரம் மெல்ல இறக்க வேண்டும், குலுக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்து, ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, இன்சுலின் ஊசியால் தொப்பைக் கொழுப்பில் போட வேண்டும். சோறு செரிப்பதற்குள் போட்டால் பாதிப் பலன் போச்சு என்றார் நர்ஸ்.

ஜோடி ஊசியில் வேகம் அதிகம். போட்ட சில நிமிடங்களில் முகம் சூடாகிச் சிவக்கும். இபமோரலின் போய் உட்காருவது பசி ஹார்மோனான கிரெலினுக்கு உரிய ஏற்பியில். பதினொரு மணிக்கு எழுந்து தயிர்சாதம் தேடியிருக்கிறேன்! தூக்கம் அபாரம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் காலையில் மோதிரம் விரலில் இறுகும்.

செர்மோரலின் சாது. ரத்தத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்திலேயே பாதி கரைந்துவிடும். தூக்கம் கொஞ்சம் ஆழமானது, மோதிரம் பழையபடி கழன்றது, அவ்வளவுதான். இருந்தும் என் ஓட்டு இதற்கே. வளர்ச்சிக் குறைவுள்ள குழந்தைகளுக்காக 1997இல் எப்டிஏ அனுமதி பெற்று, ஜெரெஃப் என்ற பெயரில் விற்ற மருந்து இது. 2008இல் கம்பெனி நிறுத்தியதும் பாதுகாப்புக் கோளாறால் அல்ல. மற்ற இரண்டும் அனுமதி வரை போகவே இல்லை. ஆனாலும் மருந்தைத் தாங்களே கலந்து தயாரிக்கும் காம்பவுண்டிங் பார்மசியிலிருந்து வரும் குப்பி எதற்கும் எப்டிஏ அனுமதி கிடையாது, செர்மோரலின் உட்பட.

சரி, ஆயுள் கூடுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. வளர்ச்சி ஹார்மோன் சுரக்காத குள்ள எலிகள்தான் ஆய்வுக்கூடத்தில் மற்ற எலிகளைவிட அதிக காலம் வாழ்கின்றன. ஈக்வடாரில் லாரன் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த ஹார்மோன் உடம்பில் வேலையே செய்யாது. அவர்களிடம் புற்றுநோயும் சர்க்கரை நோயும் மிக அரிது. ஆயுளுக்காக என்று சொல்லி அதே ஹார்மோனை ஏற்றிவிடுவதற்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம்.

அப்படியும் போடுவதென்றால், வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை பார்க்காமல் அடுத்த குப்பி எழுதித் தரும் கிளினிக் வேண்டாம். வளர்ச்சி ஹார்மோன் ஏறினால் சர்க்கரையும் ஏறலாம், நம் ஆட்கள் பலருக்கு அது ஏற்கெனவே எல்லையில் நிற்கிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஏ1சி பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். புற்றுநோய் வந்து போனவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.