புதுச்சேரியில் ஓவிய ஆசிரியர் பயிலரங்கு: கூழும் களிமண்ணும் தேறின, லினோ தேறவில்லை

ஓவிய ஆசிரியர் பயிற்சி பெறுபவர்களுக்கான மூன்று நாள் செய்முறைப் பயிலரங்கு இது. இதை ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தோம். இங்கே கற்றதை 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில், 40 நிமிடப் பாடவேளையில், வராந்தாவின் ஒற்றைக் குழாயை நம்பிச் செய்ய முடியுமா?

காகிதக்கூழுக்குத் தயங்காமல் முடியும் என்று சொல்லலாம். திருக்கனூர் காகிதக்கூழ் கைவினைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வட்டாரம் இது. கற்றுத்தருபவர்களின் கைப்பழக்கத்திலேயே அது தெரிகிறது. செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கிழிக்கச் சொல்கிறார்கள். கிழித்த ஓரத்தில் இழை பிரிந்து நிற்பதால் தண்ணீரை வேகமாக இழுக்கும். இரவு முழுக்க ஊறியதை அரைத்து, துணியில் பிழிந்து, நான்கு பங்கு கூழுக்கு ஒரு பங்கு மைதாப் பசை, ஒரு பங்கு சாக் பவுடர் சேர்த்துப் பிசைகிறார்கள். பசை கூடினால் கூழ் கையை விட்டு வராது, காயாது, பூசணம் பிடிக்கும். குறைந்தால் காய்ந்தபின் ஓரம் உதிரும். ஒரு பூச்சு அரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அது காய்ந்த பிறகே அடுத்தது. அரைக்கும் வேலையை முதல் நாளே முடித்துவிட்டால் பாடவேளை முழுவதும் பிள்ளைகளின் கைக்குக் கிடைக்கிறது.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாக மாற்ற வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தார்கள். பொம்மைக் கலைஞர்களுக்கு அது பழகிய முறைதான். ஆனால் துத்தம் நஞ்சு. விரலை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் அதற்கு இடமே இல்லை. அன்றன்றைக்குத் தேவையான பசையை அன்றே காய்ச்சி, மீந்ததைக் கொட்டிவிடலாம். இதைப் பயிலரங்கில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பது பெரிய குறை.

களிமண் நாளும் நல்ல நாள். ஒட்டும் இரண்டு பரப்பையும் கீறி, மண்குழம்பு தடவி, அழுத்தி ஒட்டச் சொன்னார்கள். யானைக்குத் தும்பிக்கை கழன்று விழுவது இந்தக் கீறலைத் தவிர்ப்பதால்தான். சூளையில் வெடிப்பதற்குக் காற்றுக்குமிழி மட்டுமே காரணம் என்று சொன்னது சரியில்லை. தடித்த பாகத்தின் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிப் பிளப்பதே பெரும்பாலும் நடப்பது. சுவரின் கனம் ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, துணி மூடி நிழலில் மெல்லக் காய்ந்தால் பயமில்லை. சுடுமண் கைவினைக்குப் பேர்பெற்ற வில்லியனூர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் சூளையைக் காட்டாமல் அனுப்பியது வருத்தம். சுட்ட பிறகு மண் எவ்வளவு சுருங்கும் என்று கண்ணால் பார்க்காத ஆசிரியர் அதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வார்?

லினோலியத் தகட்டை உளியால் செதுக்கி, மை தடவித் தாளில் பதிக்கும் லினோ அச்சு, கற்பவருக்கு அருமையான அனுபவம். தகட்டைச் சற்று வெயிலில் வைத்து இளக்குவது, பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருப்பது, உருளை மையில் ‘சரசர’வென்று சீராக ஒலிக்கும்வரை தேய்ப்பது எல்லாம் நுணுக்கமாக வந்தன. மை தடித்தால் மெல்லிய கோடுகள் அடைத்துப்போகும் என்பதையும் செய்தே காட்டினார்கள். எழுத்து இடவலம் மாறி விழாமலிருக்க டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டுப் படியெடுக்கச் சொன்னதும் சரி. ஆனால் 40 கூரிய உளிகளை ஆறாம் வகுப்பில் கொடுத்துவிட்டு ஓர் ஆசிரியர் தனியே நிற்க முடியாது. தெர்மகோல் தட்டின் அடிப்பாகத்தை வெட்டி, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டாலே அச்சுப்பலகை கிடைத்துவிடும். கரண்டியின் முதுகால் தேய்த்தால் அச்சு விழும். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கலாம். தண்ணீர் மை மின்விசிறிக் காற்றில் சில நிமிடங்களில் காய்ந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டு சொட்டு கிளிசரின் விட்டால் தாமதமாகும் என்பதும் சொல்ல வேண்டிய செய்தி.

பொருள்கள் தாராளமாகவே கிடைத்தன. மேசைக்கு ஆறு பேர் என்பது நெருக்கடி. நான்கு பேர் போதும். சேர விரும்புகிறவர்கள் கோடைப் பிரிவையே கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோரக் காற்றின் ஈரத்துக்குக் கூழ் ஒரு வாரமானாலும் உள்ளே காயாது. மூன்றாம் நாள் வண்ணம் பூசும் பாடம் நடக்கவே வழியில்லை.