சயனோடைப் பயிலரங்கு: பழையபேட்டை மாடியில் இரண்டு நாட்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், சோதனை முயற்சிகளையே தம் வழியாகக் கொண்ட ஓவியர் ஒருவர் தம் வீட்டு மாடியில் நடத்தும் இரண்டு நாள் சயனோடைப் பயிலரங்கில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். கட்டணம் 1,200 ரூபாய். காகிதமும் ரசாயனமும் அதில் அடக்கம்.

வெயிலைக் கொண்டு காகிதத்தில் நீலநிறப் படம் பதிக்கும் முறைதான் சயனோடைப். 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தது இது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு ஆகியவற்றின் கரைசல்களைச் சம அளவில் கலந்து, மங்கிய வெளிச்சத்தில் காகிதத்தில் பூசி, இருட்டில் உலர்த்தி, மேலே ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் நீலமாகும். நிழலில் இருந்த இடம் கழுவிய பின் வெள்ளையாக நிற்கும். கட்டட வரைபடத்துக்குப் புளூ பிரிண்ட் என்ற பெயர் வந்ததும் இந்த நீலத்தால்தான்.

என்ன படம் வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வராதீர்கள் என்பதே ஓவியர் முதலில் சொன்னது. ஒரே மாவிலையைப் பத்துத் தாள்களில் பதிக்கச் செய்தார். ஒவ்வொரு முறையும் செய்முறையில் ஏதேனும் ஒன்றை மட்டுமே மாற்றலாம். என் நான்காவது தாளில் காற்று இலையைத் தூக்கிவிட, விளிம்பு புகைபோல் கலங்கிவிட்டது. கிழித்துப்போட நினைத்த தாளை அவர் வாங்கிச் சுவரில் குத்திவைத்து, "இந்தக் கலங்கலை வேண்டுமென்றே கொண்டுவர முடியுமா?" என்று கேட்டார். காம்புக்கு அடியில் கூழாங்கல் வைத்து, உயரத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, மாலைக்குள் அதைப் பிடித்தேன். தற்செயலாகக் கிடைத்தது காற்றுக்குச் சொந்தம், அதைத் திரும்பச் செய்யத் தெரிந்த பிறகே அது உங்களுடையது என்பது அவருடைய கொள்கை. தவறு எல்லாமே அழகு என்று சும்மா தட்டிக்கொடுக்கும் பேச்சைவிட இது எனக்கு எவ்வளவோ நேர்மையாகப் பட்டது.

தண்ணீரைப் பற்றிய பாடம் இன்னும் சிறப்பு. காரத்தன்மை கூடிய நீரில் இந்த நீலம் வெளுக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஒரு தாளையும், லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) கலந்த நீரில் இன்னொன்றையும் கழுவி அருகருகே வைத்தார். பிறகு சலவைச் சோடாவில் நனைத்து வெளுக்கவைத்து, தேயிலைச் சாற்றில் ஊறவைத்துப் பழுப்பு கலந்த கருமையையும் வரவழைத்தார். நம் மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றிக் குறை மட்டுமே கேட்டு வளர்ந்த எனக்கு, அது ஓர் ஓவியப் பொருளாகவும் இருக்கக்கூடும் என்பது புதிது.

இரண்டாம் நாள் நம் மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் உள்ள கல்திட்டைகளின் (கற்பலகைகளால் ஆன பழங்கால ஈமச் சின்னங்கள்) உட்புறத்திலுள்ள வெள்ளை உருவங்களின் படங்களைக் காட்டினார். அங்கே வெள்ளை என்பது பூசியது, நம் தாளிலோ பூச்சு கழுவிப்போன இடம். ஆகவே அவற்றை நகலெடுக்காமல், நிழலால் மட்டுமே வரையக்கூடிய உருவத்தைத் தேடச் சொன்னார். அரை நாளாவது வேண்டிய இந்தப் பகுதியை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டது பெருங்குறை. கையுறைகளும் எல்லோருக்கும் போதவில்லை. சிறுவர்களும் வரும் இடத்தில் இதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும்.

மேகமூட்டமான மாதங்களில் ஒரு தாளுக்கே நெடுநேரம் காத்திருக்க நேரும் என்பதால், நல்ல வெயில் காலத்தில் செல்லுங்கள். கறை படிந்தாலும் பரவாயில்லாத உடையும், உங்கள் தோட்டத்து இலைகளும் உடன் இருக்கட்டும். நான் அடுத்த முறை கேழ்வரகுக் கதிர்களைக் கொண்டுபோக இருக்கிறேன்.