சம்பள ஒப்பீட்டுச் சேவை: மெர்ச்சண்டைசர் வேலைக்கு எவ்வளவு உதவுகிறது?

சென்னை சூப்பர் மார்க்கெட்டுகளில் பிஸ்கட், சோப்பு அடுக்கும் மெர்ச்சண்டைசராக மூன்று ஆண்டுகள் பணியாற்றிய என் தம்பிக்குக் கோவையிலிருந்து வேலை அழைப்பு வந்தபோது, ஊரையும் அனுபவத்தையும் கொடுத்தால் சம்பளத்தைக் காட்டும் இணையச் சேவை ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தோம்.

சேவையின் பெருங்குறை பெயர்க் குழப்பம். திருப்பூர் ஆடை ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர் என்றால், வெளிநாட்டு வாங்குநரின் ஆர்டரைச் சாம்பிள் முதல் கப்பலேற்றம் வரை பின்தொடர்பவர். கடையில் ஸ்டாக் எண்ணி, காலாவதித் தேதி பார்த்துப் பழைய சரக்கை முன்னால் இழுத்து வைப்பவருக்கும் அதே பெயர்தான். இருவரையும் ஒரே சராசரியில் போட்டுவிட்டதால், கொங்குப் பகுதியின் தொகை நம்பும்படியாக இல்லை.

அனுபவ வடிகட்டியும் பாதிதான் பயன்படுகிறது. நிறுவனத்தின் நேரடி ஊழியரா, ஏஜென்சி மூலம் வந்தவரா என்ற கேள்வியே அதில் இல்லை. இத்தொழிலில் ஆண்டுகளைவிட அதுவே சம்பளத்தை அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. காட்டப்படும் தொகை பிடித்தத்துக்கு முந்தையதா என்பதும் தெளிவில்லை. மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய், அதில் அடிப்படை 15,000 என்றால், அடிப்படையில் 12 சதவீதமாக வருங்கால வைப்பு நிதிக்கு 1,800, மொத்தத்தில் 0.75 சதவீதமாகத் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 135 என 1,935 ரூபாய் கழிந்துவிடும். நாள் முழுக்கக் கடை கடையாகச் சுற்றுபவருக்குப் பெட்ரோல் படி தனியா, அதற்குள்ளேயா என்பதும் சிறிய விஷயமன்று.

தேடல் வேகமானது, கட்டணமில்லை. இறுதியில், கோவைக் கடையொன்றில் ரேக் அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் தம்பி பத்து நிமிடம் பேசித்தான் முடிவெடுத்தான். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன்.