98 கிலோவில் மறுபடி ஓட்டம்: என்எச்எஸ் கௌச் டு 5கே செயலி பற்றி

கல்லூரியில் 1500 மீட்டர் ஓடியவன் நான். அப்புறம் வேலை, லண்டன், இரவு ஷிப்ட், இரண்டு பிள்ளைகள் என்று பதினான்கு வருஷம் ஓடவே இல்லை. போன ஜனவரியில் எடை 98 கிலோ, சர்க்கரையும் எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மறுநாளே ஈஸ்ட் ஹாம் சென்ட்ரல் பார்க்குக்குப் போய்ப் பழைய நினைப்பில் ஓடினேன், இரண்டாவது சுற்றில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, பத்து நாள் சுவரைப் பிடித்துத்தான் மாடிப்படி ஏறினேன். வருஷக்கணக்கில் விட்டுவிட்டு ஓட வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. முன்பு ஓடிய வேகம் மனசில் அப்படியே இருக்கும், கால் அதற்குத் தயாராக இருக்காது.

கால் சரியானதும் இந்தச் செயலியை இறக்கினேன். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ், ஓடிப் பழக்கமில்லாதவர்களைப் படிப்படியாக ஓட வைக்க வெளியிட்டது இது. இலவசம். 9 வாரம், வாரத்துக்கு 3 ஓட்டம், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-இல் தன் அம்மாவை ஓட வைக்கப் போட்ட திட்டம்தான் இதற்கு மூலம். முதல் வாரத்தில் 5 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு, 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு நிமிடம்தானே என்று நினைத்தேன், நாலாவது தடவையே வாயால் மூச்சு வாங்கினேன்.

துணைக்கு வரும் குரலை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் எடுத்தது மைக்கேல் ஜான்சன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 19.32 விநாடியில் ஓடிய அதே ஆள். 2018-இல் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் மறுபடி நடக்கப் பழகியபோது கிட்டத்தட்ட அதே 200 மீட்டருக்கு 15 நிமிடம் பிடித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் காதுக்குள் வந்து 'இப்போது நட' என்று சொல்லும்போது எனக்கு நடப்பதில் வெட்கமே வரவில்லை. பக்கத்தில் இளவட்டங்கள் தாண்டிப் போகட்டும், நான் நடந்தேன். நம்முடைய பாட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், குரல் வரும்போது மட்டும் தணியும்.

ஐந்தாவது வாரம்தான் கடினம். இரண்டாவது ஓட்டம் 8 நிமிடம், 5 நிமிடம் நடை, மறுபடி 8 நிமிடம். மூன்றாவதில் நடையே கிடையாது, ஒரே மூச்சில் 20 நிமிடம். எடை கூடுதலாக உள்ளவர்கள் இங்கே அவசரப்படவே கூடாது. நான் நாலாவது வாரத்தை இரண்டு தடவையும் ஐந்தாவதை மூன்று தடவையும் செய்தேன், மொத்தத்தில் 9 வாரத் திட்டம் எனக்கு 12 வாரம் ஆனது. வேகத்தைக் குறைத்த பிறகுதான் அந்த 20 நிமிடம் வசப்பட்டது, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் என்றால் சரி.

செயலிக்கு வெளியே இரண்டு விஷயம். தொடை உரசிப் புண்ணாகிவிடும், வெளியே கிளம்பும் முன் வாஸ்லின் தடவுங்கள், முழங்கால் வரை வரும் இறுக்கமான ஷார்ட்ஸ் இன்னும் நல்லது. ஷூ அரை அளவு பெரியதாக இருக்கட்டும். ஒரு கடையில் 'போகப் போகத் தளர்ந்துவிடும்' என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி வாங்கி, கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்ததுதான் மிச்சம்.

பெயரில் 5 கிலோமீட்டர் இருந்தாலும் திட்டம் முடிவது 30 நிமிட ஓட்டத்தில். என் வேகத்துக்கு அது 3.8 கிலோமீட்டர்தான் வந்தது. எனக்கு அதில் குறையே இல்லை. மீதி தூரத்துக்கு வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் பார்க்ரன் போனேன், வாராவாரம் எல்லோரும் சேர்ந்து ஓடும் ஓட்டம் அது. சனிக்கிழமை காலை 9 மணி, 5 கிலோமீட்டர், காசு கிடையாது, ஒருமுறை பதிவு செய்து பார்கோடை எடுத்துப் போனால் போதும். கடைசி ஆளுக்குப் பின்னால் வரவே ஒரு தன்னார்வலர் இருப்பதால் தனியாக விடப்படுவோமோ என்ற பயமே வேண்டாம். மூன்று இடத்தில் நடந்து 43 நிமிடத்தில் முடித்தேன்.

வீட்டில் இப்போது என் மனைவி இரண்டாவது வாரத்தில் இருக்கிறாள். அவள் எடுத்திருப்பது நகைச்சுவைக் கலைஞர் சாரா மில்லிகன் குரல்.