கோழி ஏன் பத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது? எட்டு மாத ஃபோனிக்ஸ் வகுப்பு அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். பையர் அனுப்பும் மெயிலில் எந்தத் தையலைக் குறை சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் வரும், வாயைத் திறந்து பேசச் சொன்னால் வராது. மனைவி பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். மகள் யு.கே.ஜி. போன ஜூனில் அவளை வீட்டுக்குப் பக்கத்தில், மெடிக்கல் கடைக்கு மேல் மாடியில் நடக்கிற, ஆங்கிலம் வாசிக்கக் கற்றுத்தரும் ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்த்தோம். எட்டு மாதம் ஆகிறது. வகுப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை, மிஸ் நல்ல மனுஷி, அதோடு நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி ஊரில் இருக்கும் எல்லா ஃபோனிக்ஸ் போர்டுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் காசு. மாதம் 1,800 ரூபாய், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம். கிட் தனியாக 2,600. அதில் அட்டைகள், நான்கு புத்தகங்கள், ஒரு பை. பையின் தையல் இரண்டாவது வாரமே பிரிந்தது. திருப்பூரில் இருந்துகொண்டு அப்படி ஒரு தையலைக் காசு கொடுத்து வாங்கினேன், சரி விடுங்கள்.

ஃபோனிக்ஸ் என்றால் என்ன என்றே தெரியாமல்தான் பணம் கட்டினேன். நாங்கள் படித்தபோது சி-ஏ-டி கேட் என்று நூறு தடவை கத்தி மனப்பாடம் செய்தோம், சியும் ஏயும் டியும் சேர்ந்தால் எப்படி கேட் ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. ஃபோனிக்ஸில் எழுத்தின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு அதன் ஒலியை மட்டும் சொல்லித்தருகிறார்கள். யோசித்துப் பார்த்தால் தமிழ் எழுத்துகளை நாம் அப்படித்தானே படிக்கிறோம், ப என்றால் ப, ட என்றால் ட, ம் என்றால் ம், சேர்த்து வாசித்தால் படம். இங்கே பின்பற்றுவது ஜாலி ஃபோனிக்ஸ் முறை: மொத்தம் 42 ஒலிகள், ஏழு தொகுதிகள். முதல் தொகுதியில் ஸ், அ, ட், இ, ப், ன் என்று ஆறு. அகர வரிசையை விட்டுவிட்டு இந்த ஆறில் ஏன் தொடங்குகிறார்கள் என்றால், இவற்றை வைத்தே பின், டேப், நேப், ஸிட் என்று நிறைய மூன்றெழுத்துச் சொற்கள் கிடைத்துவிடும். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு செய்கை உண்டு. ஸ் என்றால் கையைப் பாம்பு மாதிரி நெளிக்க வேண்டும், அ என்றால் கை மேல் எறும்பு ஊர்வது மாதிரி விரலை ஓட்ட வேண்டும். மகளுக்கு இது விளையாட்டு. மூன்றாவது வாரம் பெட்டிக்கடை போர்டில் இருந்த 'பின்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி அவளே வாசித்தபோது வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். அந்த மூன்று வாரத்துக்கு முழு மார்க்.

அப்புறம் ஒரு மாதம் அப்படியே நின்றுபோனாள். கேட் என்ற சொல்லை க-அ-ட என்று தனித்தனியாகச் சொல்வாள், சேர்க்கச் சொன்னால் 'கஅட' என்பாள். மிஸ்ஸிடம் கேட்டால் 'வீட்டில் பிராக்டிஸ் போதவில்லை' என்ற பதில். கண்டுபிடித்தது என் மனைவிதான். மிஸ் ஒலியைச் சொல்லிக்காட்டும்போது க், ட் என்று சொல்லாமல் க, ட என்று ஒரு அகரத்தை ஒட்டவைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், அந்த ஒட்டிய அகரம்தான் பிள்ளையைச் சேர்க்க விடாமல் தடுத்தது. "புள்ளி வச்ச எழுத்து மாதிரி சொல்லு சாமி, க் அ ட்" என்றாள். இரண்டு நாளில் சரியானது. சேர்க்கை ஃபாரத்தில் 'பெற்றோருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியுமா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்தவள் அவள். அந்த டிக்கினாலேயே இன்றுவரை பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வரமாட்டேன் என்கிறாள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிற இன்னொரு சிக்கல், வகுப்பில் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. பாட்டியில் வரும் ப-வும் பஸ்ஸில் வரும் ப-வும் நமக்கு ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது, ட-வுக்கும் க-வுக்கும் அதே கதைதான். (இந்த விமர்சனத்தை எழுதும்போதே பாருங்கள், இந்தப் பி எந்தப் பி என்று தமிழில் எழுதிக்காட்ட வழியில்லாமல் திண்டாடுகிறேன்.) மகள் 'பிக்' என்று எதைப் படித்தாலும் பெரியதா பன்றியா என்று நமக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னால், பன்றிக்குரிய ப்-க்குக் காகிதம் ஆடும், பஸ்ஸின் ப்-க்கு அவ்வளவாக ஆடாது. இதை நான் யூடியூபில் பார்த்துச் செய்தேன். மாதம் 1,800 வாங்குகிறவர்கள் செய்திருக்க வேண்டியது.

உண்மையான கோபம் இதற்கு அடுத்தது. செப்டம்பரில் பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "வீட்ல நீங்க இங்கிலீஷ்ல பேசலைன்னா நாங்க இங்க என்ன பண்ணாலும் வேஸ்ட் சார்" என்றார்கள். கையில் ஒரு தாள், அதில் தினமும் பேச வேண்டிய முப்பது வாக்கியங்கள். நானும் அதை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒரு மாதம் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்: கம், சிட், ஈட், ஃபினிஷ், கோ, பிரஷ், ஸ்லீப். தயிர்சாதம் ஊட்டும்போது மொட்டை மாடியில் வந்த குரங்கைப் பற்றி அரை மணி நேரம் கதை கட்டுகிற என் மனைவி, ஈட் ஈட் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளையும் எஸ், நோ என்று குறைத்துக்கொண்டாள். "ஏனுங்க, அவகூடப் பேசறதுக்கே எனக்கு வார்த்தை இல்லாமப் போச்சுங்க" என்று ஒரு ராத்திரி மனைவி சொன்னாள். அடுத்த நாள் தாளைக் கிழித்துப் போட்டேன். தப்பு இங்கிலீஷ் முப்பது வாக்கியத்தைக் கேட்டு வளர்கிற பிள்ளையைவிட, நல்ல தமிழ் மூவாயிரம் வாக்கியம் கேட்கிற பிள்ளைக்குக் கதை சொல்லத் தெரியும், ஏன் என்று கேட்கத் தெரியும், அது பிறகு எந்த மொழிக்கும் கூட வரும். மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே "எல்லா பேரண்ட்ஸும் இப்படித்தான் சார் சொல்லுவாங்க" என்றார்.

இன்னொன்று சொல்லின் பொருள். தீபாவளிக்குள் மகள் மூன்றெழுத்துச் சொல் எதைக் கொடுத்தாலும் கடகடவென்று வாசித்தாள். ஒருநாள் 'ஹென் இன் த டென்' என்று வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "அப்பா, டென்னுன்னா பத்துதான? கோழி ஏன் பத்துக்குள்ள உக்காந்திருக்கு?" என்றாள். எனக்கும் சட்டென்று விளங்கவில்லை, அது குகை என்று அகராதியைப் பார்த்துத்தான் சொன்னேன். இந்த முறை முதலில் உருவானது இங்கிலாந்துப் பள்ளிகளில். அங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லைக் காதால் கேட்டு முன்பே தெரியும், வாசித்தவுடன் படம் மனதில் வந்துவிடும். நம் பிள்ளைக்கு ஒலி மட்டும்தான் வருகிறது. வாசிக்கிறாள் என்று நாம் பூரித்துப்போகிறோம், ஆண்டு விழாவில் மேடையேற்றிக் கைதட்டுகிறோம், அவளுக்கு அது பொருளில்லாத பாட்டு. படம், பொம்மை, தமிழில் ஒரு வார்த்தை, எதையாவது காட்டிவிட்டு அப்புறம் வாசிக்கச் சொல்லலாமே என்றால், வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்பது விதியாம்.

இப்போது நாங்களாக ஒன்று செய்கிறோம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே படக்கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் மனைவி தமிழில் சொல்வாள், இரண்டு மூன்று நாள் அதே கதை. பிறகு அதே படங்களை ஆங்கிலத்தில் மகள் வாசிப்பாள். என்ன நடக்கிறது என்று முன்பே தெரிவதால் தெரியாத சொல்லைப் படத்தைப் பார்த்து ஊகிக்கிறாள், சில சமயம் அம்மாவுக்குப் பாடம் எடுக்கிறாள். துலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களும் இதற்கு நன்றாக இருக்கின்றன, ஒரே பக்கத்தில் இரண்டு மொழியும் இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பையன் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அவனுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து ஆங்கிலத்துக்கும் பயிற்சி நூல் கொடுத்திருக்கிறார்கள், ஆட்டம் பாட்டு எல்லாம் உண்டு, காசு கிடையாது. வாசிப்பு வேகத்தில் என் மகள் முன்னால் இருக்கிறாள், ஒத்துக்கொள்கிறேன். வாசித்ததைத் தமிழில் சொல்லச் சொன்னால் அவன்தான் சொல்கிறான்.

ஆக என் கணக்கு: முதல் மூன்று நான்கு மாதம், ஒலியும் எழுத்தும் சேர்கிற வரைக்கும், இந்த வகுப்பு கொடுத்த காசுக்குத் தகும். அதற்கு மேல் கட்டியது எனக்கு நஷ்டம். மார்ச்சோடு நிறுத்துகிறோம். லெவல் டூவுக்கு இப்போதே 3,000 அட்வான்ஸ் கேட்கிறார்கள், கட்டினால் திரும்ப வராது என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கும் முன் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள், மிஸ் க் என்கிறாரா க என்கிறாரா என்று காதைக் கொடுங்கள். பிள்ளை தமிழில் பதில் சொன்னால் அவர் முகம் எப்படி மாறுகிறது என்றும் பாருங்கள்.

கிட் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பார்கள், அவசியமில்லை. பழையதைக் கொண்டுபோன இரண்டு பேரை யாரும் திருப்பி அனுப்பவில்லை. மார்ச்சுக்குப் பிறகு எங்களிடமும் ஒன்று சும்மா இருக்கும், பாம்பு அட்டை மட்டும் தொலைந்துவிட்டது, பையை நானே மறுபடி தைத்துவிட்டேன்.