ஒரு கதை, நான்கு வாசல்: டெல்டாவிலிருந்து எழுதிச் சம்பாதிக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

கும்பகோணத்தில் கணக்கு எழுதும் வேலை பார்த்துக்கொண்டே பதினான்கு ஆண்டுகளாகக் கதையும் கட்டுரையும் எழுதி அனுப்பி வருகிறேன். மயிலாடுதுறையிலும் மன்னார்குடியிலும் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எங்கே அனுப்பினால் பணம் வரும், அண்ணா?" ஒரு முகவரிப் பட்டியலைக் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் பட்டியலில் எல்லா இடமும் ஒன்றுபோலத் தெரியும். எந்த இடம் எதைத் தருகிறது, அதற்கு ஈடாக எதை வாங்கிக்கொள்கிறது என்பது தெரியாது. ஆகவே, எழுதி முடித்துத் திருத்திய 2,500 சொல் சிறுகதை ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதே கதையை அச்சிதழ், போட்டி, கைபேசிச் செயலி அல்லது மின்னூல் என்று மூன்று வாசல்களில் நிறுத்திப் பார்க்கிறேன். கதைக்கு ஆகும் உழைப்பைக் கட்டுரைக்கோ மொழிபெயர்ப்புக்கோ கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பது நான்காவது வாசல்.

முதலில் அச்சிதழ். சன்மானம் தரும் வார, மாத இதழ்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 1941இல் தொடங்கிய கல்கி 2020இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது எல்லோரும் அறிந்ததே. மிஞ்சியிருக்கும் இதழ்களிலும் சிறுகதைக்கு வாரம் ஒரு இடம் இருந்தாலே பெரிது. கதை ஏற்கப்பட்டதா என்று தெரிய மூன்று மாதம், அச்சாக இன்னும் இரண்டு மாதம், சன்மானம் வங்கிக் கணக்குக்கு வர அதற்கு மேலும் ஒன்றிரண்டு மாதம் என்பதுதான் என் அனுபவம். தொகையும் பெரிதில்லை. ஆனாலும் இந்த வாசலை நான் விடச் சொல்ல மாட்டேன். அச்சான கதை வேறு கைகளுக்குத் தானாகப் போகிறது என்பதே காரணம். 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு மாதந்தோறும் இதழ்களில் வெளியான கதைகளைப் படித்து, சிறந்தது என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை நெடுங்காலம் நடத்தி வந்திருக்கிறது. அதற்கு நாம் தனியாக எதையும் அனுப்பத் தேவையில்லை. அச்சில் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அச்சிதழில் பலரும் கவனிக்காமல் விடுவது உரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு அமர்த்தப்படாமல் வெளியிலிருந்து எழுதுகிறவருக்குத் தன் எழுத்தின் முதல் உரிமையாளர் தானே. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளரின் கையெழுத்து இருக்க வேண்டும், எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்றெல்லாம் குறிப்பிட்டிருக்க வேண்டும். காலம் சொல்லப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்கிறது. பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாத வரை, அது காலாவதியாகிவிடும். "இது என் சொந்தப் படைப்பு, வேறு எங்கும் அனுப்பப்படவில்லை" என்று இதழ்கள் கேட்கும் உறுதிமொழிக் கடிதம் உரிமையை எழுதிக் கொடுப்பதாகாது. ஒரு முறை வெளியிட அனுமதி தந்துவிட்டு, பிறகு அந்தக் கதையை நம் தொகுப்பில் சேர்க்கவும் மின்னூலாக்கவும் நமக்குத் தடையில்லை. சன்மானம் குறைவாக இருந்தும் அச்சிதழுக்கு என் கணக்கில் மதிப்பு கூடுவது இதனால்தான்: அது கதையை விலைக்கு வாங்குவதில்லை, ஒரு போகத்துக்குக் குத்தகை எடுக்கிறது.

இரண்டாவது, போட்டி. பரிசுத் தொகை கண்ணில் பட்டவுடன் மனம் தாவும் இடம் இது என்பதால் இங்கேதான் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். நல்ல போட்டிகள் உண்டு. காமன்வெல்த் சிறுகதைப் பரிசு என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தமிழிலேயே கதை அனுப்பலாம் என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. நுழைவுக் கட்டணம் கிடையாது. கதை 2,000 முதல் 5,000 சொற்களுக்குள், எங்கும் வெளிவராததாக இருக்க வேண்டும். எழுதியவர் காமன்வெல்த் நாடு ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் 2,500 பவுண்டு, ஒட்டுமொத்த வெற்றியாளருக்கு 5,000 பவுண்டு என்று பரிசு தந்து வந்திருக்கிறார்கள். நம் 2,500 சொல் கதை அளவில் அங்கே பொருந்துகிறது. உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கதைகள் வந்து குவியும் என்பதால் வெற்றியை எதிர்பார்த்து வீட்டுச் செலவைத் திட்டமிட முடியாது. ஆனால் அனுப்புவதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, தோற்றால் கதை அப்படியே நம்மிடம் திரும்புகிறது.

முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசின் பிஎம் யுவா திட்டம் இன்னும் பெரிது. 2021இல் முதல் சுற்றில் நாடு முழுவதும் 75 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம், மாதத்துக்கு 50,000 ரூபாய் வீதம் உதவித்தொகை தந்து, எழுதி முடித்த புத்தகத்தை நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. தமிழும் அதில் உண்டு. 2022இலும் 2025இலும் அடுத்த சுற்றுகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் இது சிறுகதைக்கான வாசல் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொருளைச் சொல்லி, அதில் புத்தகத் திட்டமும் மாதிரிப் பகுதியும் கேட்கிறார்கள். டெல்டாவின் வரலாற்றை அறிந்த ஓர் இளைஞர் அந்தப் பொருளைத் தன் ஊரோடு பொருத்தி எழுதினால் நல்ல வாய்ப்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் 50,000 ரூபாய். 35 வயது வரை தகுதி. ஆனால் அது வெளிவந்த புத்தகத்துக்கானது, கையெழுத்துப் பிரதிக்கு இல்லை.

இனி மறுபக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதைப் போட்டிக்கு 300 ரூபாய் கட்டி அனுப்பினேன். "தங்கள் கதை தேர்வாகியுள்ளது, தொகுப்பு நூலில் இடம்பெறுகிறது" என்று மடல் வந்தது. அதற்கடுத்த மடலில், நூலில் இடம்பெற எழுத்தாளர் பத்துப் பிரதிகளை முன்பணம் கட்டி வாங்க வேண்டும் என்று இருந்தது. கட்டினேன். கூரியர் அலுவலகத்திலிருந்து பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து திண்ணையில் வைத்துப் பிரித்தபோது, நூலில் எழுபதுக்கும் மேற்பட்ட கதைகள் இருந்தன. தேர்வாகாத கதை என்று ஒன்றாவது இருந்திருக்குமா என்ற ஐயம் அன்று எழுந்தது. விதிமுறையை மறுபடி எடுத்துப் படித்தேன். பதினோராவது விதியில், போட்டிக்கு வரும் எல்லாப் படைப்புகளின் எல்லா உரிமையும் நிரந்தரமாக நடத்துபவருக்கே என்று எழுதியிருந்தது. வென்ற கதை மட்டுமன்று, தோற்ற கதையும் அவர்களுடையதாம். ஆக, நான் பணமும் கொடுத்து, கதையையும் கொடுத்திருந்தேன். அன்று முதல் போட்டி அறிவிப்பு எதையும் கடைசி விதியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். உரிமை பற்றிய வரி பெரும்பாலும் கீழேதான் இருக்கும். கட்டணம் கேட்டாலோ, பிரதி வாங்கச் சொன்னாலோ, நடுவர் யார் என்று சொல்லாவிட்டாலோ, தோற்ற கதைக்கும் உரிமை கோரினாலோ, பரிசு எத்தனை ஆயிரமாக இருந்தாலும் அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

மூன்றாவது வாசலில் நடுவர் இல்லை, காத்திருப்பு இல்லை. இன்று இரவு பதிவேற்றினால் நாளைக் காலை வாசகர் படிக்கலாம். 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் நம் பக்கத்துப் பெண்கள் பலர், திருவாரூரிலும் பாபநாசத்திலும் வீட்டு வேலை முடிந்தபின் கைபேசியிலேயே தட்டச்சு செய்து, உண்மையிலேயே வருமானம் பார்க்கிறார்கள் என்பதை நான் நேரில் அறிவேன். அவர்களை இலக்கியக் கூட்டங்களில் ஏளனமாகப் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. நாள் தவறாமல் ஓர் அத்தியாயம் எழுதும் உழைப்பு எளிதானதன்று. ஆனால் ஒப்பீட்டுக்கு வருவோம். அங்கே பணம் வருவது அத்தியாயம் அத்தியாயமாக நீளும் தொடருக்கு. அடுத்த பகுதிக்காகச் சந்தா கட்டும் வாசகர்தான் வருமானம். தனிச் சிறுகதை பாராட்டைப் பெறும், பணத்தைப் பெறாது.

அமேசானின் கிண்டில் தளத்தில் தமிழ் 2016 டிசம்பரிலிருந்து இருக்கிறது. எழுத்தாளருக்கு விலையில் 35 சதவீதம் அல்லது 70 சதவீதம் என்று இரண்டு விகிதம். இந்தியாவில் நடக்கும் விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால், கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் நூலைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 90 நாள்களுக்கு அந்த நூல் மின்வடிவில் வேறு எங்கும் இருக்கக் கூடாது. அதே கதையைச் செயலியிலும் போட்டுவிட்டு இங்கேயும் சேர்த்துப் பிறகு கணக்கு முடக்கப்பட்டு வருந்தியவர்கள் உண்டு. 100 ரூபாய் நூலுக்கு 70 ரூபாய் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. வரியும் கோப்பு அனுப்பும் செலவும் கழிவதுடன், மாத இறுதியிலிருந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் பணம் வருகிறது. ஒற்றைச் சிறுகதையை நூலாக்குவதில் பயனில்லை. அச்சிதழில் வந்த பத்துப் பன்னிரண்டு கதைகள் சேர்ந்த பிறகு இந்த வாசலுக்கு வருவதே முறை. இணையத்தில் ஒருமுறை வந்த கதையைப் பெரும்பாலான இதழ்களும் போட்டிகளும் ஏற்பதில்லை என்பதால், வரிசையை மாற்றினால் முதல் இரண்டு வாசல்களும் மூடிக்கொள்ளும்.

நான்காவது வாசலுக்கு வருகிறேன்; என் கணக்கு நோட்டில் பாதிக்கு மேல் வரவு இதில்தான். கதை எழுத வேண்டும் என்று வந்தவர்களுக்குக் கட்டுரை எழுது என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. ஆனால் சென்னையில் இருக்கும் ஆசிரியருக்குக் கதை எழுதுகிறவர் நூறு பேர் கிடைப்பார்கள்; நரசிங்கம்பேட்டைப் பட்டறையில் போய் உட்கார்ந்து நாதஸ்வரம் கடைவதைப் பார்த்து எழுதக்கூடியவர் எத்தனை பேர்? அந்த நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் ஆச்சா மரத்து உத்தரங்களை வாங்கி வந்து, பல ஆண்டு காய்ந்து இறுகிய அந்த மரத்தைத்தான் கடைகிறார்கள். பச்சை மரத்தில் கடைந்தால் காய்கையில் விரிசல் விடும், சுருதி நிற்காது. கடைசலிலிருந்து சுருண்டு விழுந்த மரச்சீவலை ஒருவர் என் உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். எந்த வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்த உத்தரம் என்றும் சொன்னார். அந்த இரண்டு செய்திகளையும் வைத்து 900 சொல்லில் எழுதிய கட்டுரையும் கைபேசியில் எடுத்த நான்கு படமும் பதினைந்து நாளில் ஏற்கப்பட்டன. அதே மாதம் அனுப்பிய சிறுகதைக்கு ஏழு மாதம் கழித்துத்தான் பதில் வந்தது. சுவாமிமலை ஐம்பொன் வார்ப்பு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, வேதாரண்யம் உப்பளம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பாரம்பரிய நெல் விதைகள், ஜூன் 12 அன்று மேட்டூர் திறப்பதும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளும் என்று, நமக்கு அன்றாடமாகத் தெரிபவை வெளியூர் வாசகருக்குப் புதியவை. கட்டுரையை முழுதாக எழுதி அனுப்புவதற்கு முன், ஐந்து வரியில் பொருளைச் சொல்லி ஆசிரியரின் விருப்பத்தைக் கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மொழிபெயர்ப்பில் சொல்லுக்கு இவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ள முடிகிறது. இதுவே அதன் பெரிய பலம். மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம், சாகித்ய அகாதெமி போன்ற பொது நிறுவனங்கள் முதல் தனியார் முகமைகள் வரை வேலை தருகின்றன. தனியார் முகமை "மாதிரிக்கு ஒரு பக்கம்" கேட்டால் கொடுக்கலாம். பத்துப் பக்கம் கேட்டால் அது மாதிரி இல்லை, வேலை. வானொலியையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: 1939இலிருந்து ஒலிபரப்பும் திருச்சி நிலையமும், காரைக்கால் நிலையமும் உரைகளுக்குச் சன்மானம் தருபவை. தொகை சிறிது, ஆனால் பதிவு செய்த பேச்சுக்குப் பணம் தவறியதாக எனக்கு நினைவில்லை.

ஆகவே, குடும்பத்துக்கு மாதவரவு வேண்டியிருப்பவர் நான்காவது வாசலில் நின்றுகொண்டு, கதையை அச்சிதழுக்கு அனுப்பட்டும். முப்பது வயதுக்குட்பட்ட, வேலை இன்னும் அமையாத ஒருவர் கட்டணமில்லாத பெரிய போட்டிகளுக்கு ஆண்டில் இரண்டு மாதத்தை ஒதுக்குவது நியாயம். நாள்தோறும் எழுதும் உறுதியும் நீண்ட கதையும் உள்ளவருக்குச் செயலி பொருந்தும். நம் 2,500 சொல் கதையை நான் அனுப்பும் வரிசை இது: முதலில் காமன்வெல்த் போன்ற கட்டணமற்ற போட்டி, அங்கே இல்லையென்றால் அச்சிதழ், வெளிவந்த பின் வானொலி, கடைசியில் தொகுப்பும் மின்னூலும்.

எந்த வாசலுக்குப் போனாலும் சில காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும். பான் எண்ணை முதல் மடலிலேயே தருவது நல்லது. தொகை வரம்பை மீறினால் வருமான வரியாக 10 சதவீதம் பிடித்தம் செய்வார்கள், பான் இல்லாவிட்டால் அது 20 ஆகும். கதையை ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துருவில் வைத்திருங்கள். பழைய எழுத்துருவில் அனுப்பிய கதை அங்கே கட்டம் கட்டமாகத் தெரிந்து, படிக்கப்படாமலே போகும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கதையின் பெயர், அனுப்பிய இடம், தேதி, பதில், தொகை, தொகை வந்த நாள் என்று ஆறு கட்டம் போடுங்கள். மூன்று மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால், "இன்ன தேதியில் அனுப்பிய இன்ன கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று மரியாதையாக ஒரு மடல் எழுதி, அதன் நகலை வைத்துக்கொண்டு, அன்றே அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.